டீச்சருக்கே பாடம்

ஹலோ... ஹலோ, நான்தாங்க. பாப்பா வீட்டுக்கு வந்துட்டாளா?... வந்துட்டாளா, அப்பாடா. எனக்காக நிக்காமலே ஓடிட்டா. ஸ்கூல் முழுக்கத் தேடிட்டேன்... என்னது? ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டாளா?... ஆமா... ஆமா, அழுவா. அழாம என்ன பண்ணுவா.

நான் மறுபடி கம்ப்யூட்டர் ரூம்லதான் இருக்கேன், இந்தப் பாழாப்போன விளையாட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு... எந்த விளையாட்டா? நேத்து உங்களக்கூடச் சாப்பிட்டீங்களான்னு கேக்காம உக்காந்து தயார் பண்ணேனே, அதுதான்... என் கணக்குக் கிளாசுக்கு இல்லங்க. சயின்ஸ் டீச்சர் லீவு. அவங்க கிளாஸ என் தலையில கட்டிட்டாங்க. சரி, சும்மா உக்கார வைக்கிறதுக்கு ஆன்லைன்ல ஒரு வினாடி வினா வைப்போம்னு... ஆமா, நம்ம பாப்பா கிளாஸ்தான்.

குறுக்க பேசாதீங்க, போன்ல சார்ஜ் வேற இல்ல. பெரிய திரையில கேள்வி வரும். பிள்ளைங்க ஆளுக்கொரு டேப்லெட்ல பதில அமுக்கணும். தப்பா அமுக்கினா அவுட்டு. கடைசியா நிக்கிறவங்களுக்குத் திரையில கிரீடம். நல்லாத்தான் போச்சு, ஒரே கும்மாளம். அப்புறம் ஒரு கேள்வி வந்துச்சு, ரொம்பச் சூடான கிரகம் எதுன்னு. மொத்தக் கிளாசும் அவுட்டு. பாப்பா ஒருத்தி தலையில மட்டும் கிரீடம்... என்ன சந்தோஷம்? முழுசாக் கேளுங்க. 'அம்மாவே கேள்வி கேப்பாங்களாம், மகளே பதில் சொல்வாளாம்'னு ஒருத்தன் ஆரம்பிச்சான். அவ்வளவுதான், எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. வீட்லயே விடையச் சொல்லிக் குடுத்துட்டேனாம். அவ பக்கத்துல உக்கார்ற பிள்ளகூட பையத் தூக்கிக்கிட்டு வேற பெஞ்சுக்குப் போயிருச்சு.

இல்லவே இல்லங்க. ஒரு கேள்விகூட அவகிட்டக் காட்டல... அதத்தான் நானும் கேக்குறேன். அத்தன பேரும் வெள்ளின்னு அமுக்கியிருக்காங்க. சொல்லி வச்ச மாதிரி எப்படித் தப்பு வரும்? இந்த ஆப்புலதான் ஏதோ கோளாறு. அமுக்கினத மாத்தி எடுத்திருக்கு... புதன்தான். நான் விடைன்னு போட்டது புதன். அடுப்புக்குப் பக்கத்துல இருக்கிறதுதானே முதல்ல சுடும்?... என்ன இழுக்கிறீங்க?... வெள்ளியா? நீங்களுமா?

...காத்தா?... ஆமா... ஆமா... புதன்ல காத்தே இல்ல, சூடு நிக்காது. வெள்ளி மூடி போட்ட சட்டி மாதிரி... சரி, புரியுது, நிறுத்துங்க. சயின்ஸ் டீச்சர் ஏற்கெனவே நடத்தியிருக்காங்க போல. அதான் அத்தன பேரும்... கடவுளே. பிள்ளைங்க கத்துச்சுங்க, 'டீச்சர், வெள்ளி டீச்சர்'னு. 'விளையாட்டு சொல்றதுதான் முடிவு, வாய மூடுங்க'ன்னுட்டு வந்துட்டேன்... ஆனைக்கும் அடி சறுக்கும்னு ஆரம்பிக்காதீங்க. இப்ப நான் ஆனையா?

இருங்க, இருங்க. பாப்பாவும் அதே கிளாஸ்லதானே இருக்கா. அவ மட்டும் எப்படிப் புதன்னு அமுக்கினா?... கேளுங்க. கதவுகிட்டப் போய்க் கேளுங்க... நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க. நீங்களாக் கேக்குற மாதிரி கேளுங்க...

...

ம், சொல்லுங்க... வெள்ளின்னு தெரியுமாமா? தெரிஞ்சுமா மாத்தி அமுக்கினா?... என்ன மென்னு முழுங்குறீங்க, சொல்லித் தொலைங்க... நானா? நான் எப்பச் சொன்னேன்?

...போன வாரமா... துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். அவ வந்து, வெள்ளிதாம்மா ரொம்பச் சூடுன்னா. போடி, புதன்னு சொன்னேன். இல்லம்மான்னு மறுபடி ஆரம்பிச்சா... ஆமா. 'டீச்சருக்கே பாடம் எடுக்கிறியா'ன்னு கேட்டேன். கேட்டேன்தான்... ஓ. அம்மா புதன்னுதான் போட்டிருப்பாங்க, வெள்ளின்னு அமுக்கினா வீட்ல திட்டு விழும்னு... கிரீடத்துக்காக இல்ல... ம்.

போன அவகிட்டக் குடுங்க... திறக்க மாட்டேங்கிறாளா? கதவுக்கு அடியில தள்ளி விடுங்க.

பாப்பா... அம்மாதான்டி... வைக்காத, வைக்காத. திட்டுறதுக்குக் கூப்பிடல. ஒரே ஒரு கேள்வி. ரொம்பச் சூடான கிரகம் எது?

...புதனா.

...அடியே, எனக்காகச் சொல்லாத. உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு... திட்ட மாட்டேன்... ஆமா, எப்பவும் அப்படிச் சொல்லிட்டுத்தான் திட்டுவேன். எனக்குத் தெரியுது. இங்க பாரு, நாளைக்கு உன் கிளாசுக்கு வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன். தப்பு டீச்சரோடது, என் பொண்ணுகிட்ட ஒரு விடையும் சொல்லலன்னு... நானேதான் சொல்வேன். உன்னச் சொல்ல வைக்க மாட்டேன்... ம்? சத்தமாச் சொல்லு... வெள்ளி. ஆமாடி, வெள்ளிதான்... ஏன்னு எனக்குச் சொல்லிக் குடு... ம்... ம்... அது அப்படி இல்லடி, சூரியன்லேர்ந்து வர்ற...

சரி, சரி. நான் வாயத் திறக்கல. நீ சொல்லு... சார்ஜ் தீரப்போகுதுதான். தீர்ற வரைக்கும் சொல்லு... ம்... ம்... அப்புறம்?...