சீச்சிப்பாறை வியாகுலம்

ரொம்ப காலத்துக்கு முந்தி, இந்த உடையன்விளைக்கு வண்டித்தடமே இல்லாத காலத்துல, வியாகுலம்னு ஒரு பொம்பள இருந்தாளாம். எங்க பூட்டனுக்குக் கூடப்பொறந்தவ. கட்டுனவன் செத்துட்டான், புள்ள கெடையாது. ஓலைப்பெட்டி மொடைஞ்சு கஞ்சி குடிப்பாளாம்.

அப்பவும் நம்ம கோயில்ல சண்டதான். மாதா சப்பரத்துக்கு மொதத் தோளு யாரு குடுக்கதுன்னு, பீடத்துக்கு முன்னாலயே வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நிப்பானுவளாம். தூ! மாதாவச் சொமக்க வந்த மூஞ்சியளப் பாருங்க.

வியாகுலத்துக்குக் கொமட்டிச்சு. ஊருக்கு மேக்க ஒரு பாறை, அதுல குகை மாதிரி ஒரு பொடவு. அங்கன போயி ஒத்தையில செபமால சொல்லிக்கிட்டு இருந்தா. ஒரு வருசம் யாரும் சீண்டல.

ஒருநா ஆடு மேய்க்க வந்தவ ஒருத்தி மயங்கி விழுந்தா. இவ தண்ணி குடுத்தா, அவ எந்திரிச்சா. அவ்வளவுதான். "வியாகுலம் தொட்டா சொகமாவுது"ன்னு ஊரு பூரா பேச்சு. வந்தாவ, வந்தாவ, கூட்டங்கூட்டமா வந்தாவ. மால போட்டாவ. சேல நூல உருவுனாவ. அவ கால் கழுவுன தண்ணிய ஒருத்தன் குடிச்சான்னுகூடச் சொல்லுவாவ. கருமம்!

"போங்க, நான் பாவி"ன்னு வெரட்டுவா. "என்ன தாழ்ச்சி! என்ன தாழ்ச்சி!"ன்னு இன்னும் நாலு பேரக் கூட்டிட்டு வருவாவ. கோயில் வேல பாத்த கோயில்பிள்ளை சிலுவைமுத்து பந்தலே போட்டுட்டான். "பக்கத்தூருல இப்பிடி ஒரு புனிதவதி உண்டாவே?"ன்னு நெஞ்ச நிமித்துனானாம்.

பொறவு மூணு நாளு விடாத மழ. ஒரு ஆளு வரல. நாலாம் நாளு, ஞாயித்துக்கெழம, வெயிலு அடிச்சிது. வியாகுலம் தலைய வாரி, வெள்ளச் சேலைய ஒதறிக் கட்டி, பொடவ விட்டு வெளிய வந்து, தடத்துலருந்து பாத்தாத் தெரியுத மாதிரி முட்டங்கால் போட்டா. வாயில செபம். கண்ணு மட்டும் தடத்துல. யாராவது வாராவளா, யாராவது வாராவளா?

அப்பத்தான் அவளுக்கே ஒறச்சுது. "சீ!"ன்னா. "சீச்சீ!"ன்னா. அந்தப் பாறையிலயே வாந்தி எடுத்தாளாம்.

எறங்கி நேரா கோயிலுக்குப் போனா. பூச முடிஞ்சு சனம் வெளிய வருது. "நான் சாமியத் தேடல. உங்க கும்புடுக்கு ஏங்கிக் கெடந்தேன்"ன்னு எல்லாருக்கும் கேக்கச் சொன்னா. ஊரு என்ன சொல்லிச்சு? "என்ன தாழ்ச்சி! என்ன தாழ்ச்சி!" ஒருத்தி கால்லயே விழுந்துட்டா.

இனி எங்க போவா? காட்டுக்குப் போனா காட்டுக்கும் வருவானுவ.

அப்ப ஒரு நாத்தம் அடிச்சிது. கோயிலுக்குப் பின்னால சிலுவைமுத்து வீட்டு மாட்டுத்தொழுவம். அவனப் பெத்தவ அன்னத்தாயி உள்ள கெடக்கா. எந்திரிக்க முடியாது, முதுகெல்லாம் புண்ணு, புண்ணெல்லாம் புழு. வீடு நாறுதுன்னு அங்க தள்ளி வச்சிருக்கான். பந்தல் போட்ட மவராசன்!

வியாகுலம் உள்ள போனா. அவளுக்கும் கொமட்டிச்சாம், பொய் சொல்லக்கூடாது. வேப்பெல போட்டுக் காச்சுன தண்ணியில புண்ணக் கழுவுனா. பீத்துணி அலசுனா. மால கொண்டு வந்தவளுவ வாசல்ல நின்னாளுவ, மூக்கப் பொத்துனாளுவ, திரும்பிட்டாளுவ. மூணாம் நாளு ஈயத் தவிர ஒண்ணும் வரல.

"ஏட்டி, ஒனக்கு நாறலியா?"ன்னு கேட்டாளாம் கெழவி.

"நாறுது தாயி. ஆனா இங்கதான் எனக்குச் செபம் வருது"ன்னாளாம்.

ஏழு வருசம் அந்தத் தொழுவந்தான். பெத்த மவன் கடைசி வரைக்கும் எட்டிப் பாக்கல. கெழவி போன பொறவு, யாரு வீட்டுல நாத்தம்னு ஒதுக்கி வச்சிருக்கோ அங்க போயிருவா. இவ செத்தப்ப அடக்கத்துக்கு நாலே பேரு. கல்லற எதுன்னு எங்களுக்கே தெரியாது.

அவ வாந்தி எடுத்த அந்தப் பாறைக்குத்தான் சீச்சிப்பாறைன்னு பேரு. அங்க சிலுவ நட விடமாட்டோம், மாதா செல வைக்கக் கெபி கெட்ட விடமாட்டோம். போறவுக ஒத்தையிலதான் போவாவ. மேல ஆளு இருந்தா கீழயே நிப்பாவ. ஏறுன ஒடனே தன்னையே ஒரு 'சீ' சொல்லிட்டுத்தான் முட்டங்கால் போடணும். எறங்குன பொறவு, போனேன், செபிச்சேன்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. நாங்கூட போன வெள்ளிக்கெழம ஏறி, ஒரு மணி நேரமா...

சீ! பாருங்க, வாயிலருந்து வந்துட்டு.