தெருவுக்கே தெரிந்த எண்ணெய்

தியாகதுருகத்தில் ஒரு அம்மாவும் மகனும் பேருந்தில் ஏறி எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததுமே அந்த அம்மா சொன்னார்: "நீ எண்ணெய் கண்டுபுடிச்சதுக்குத் தெருவுக்கே லட்டு குடுத்துட்டேன்டா."

அரைத்தூக்கத்தில் இருந்த நான் விழித்துக்கொண்டேன்.

"அது எண்ணெய் இல்லம்மா. எண்ணெய்க் கெணறு தோண்டும்போது மேல வர்ற கல்லுத்தூள புற ஊதா வெளக்குல பாக்கணும். எண்ணெய் இருந்தா மின்னும். மின்னுச்சு, உடனே உனக்குப் போன் பண்ணிட்டேன். அப்புறம் பாத்தா, என் கையில இருந்த கிரீஸு அதுல ஒட்டியிருக்கு."

"கையக் கழுவிட்டுப் பாக்கணும்னு பயிற்சியில சொல்லித் தர்லியா?"

"மொத நாளே சொன்னாங்க."

"அதுக்கு உன்ன வேலைய வுட்டு அனுப்பிட்டாங்களா?"

"இல்ல. திங்கக்கெழம அடுத்த கெணத்துக்குக் கூப்புட்டுக்கினு இருக்காங்க. எல்லாரும் சிரிக்கறாங்கம்மா. நான் போவல."

அம்மா அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்ப நான் வூடு வூடா போயி, அது கிரீஸுன்னு சொல்லிக்கினு இருக்கணுமா?"

"சொல்லிடும்மா."

"இன்னாடா பேசற? அங்க உன்னப் பாத்து நாலு பேரு சிரிப்பாங்க. இங்க என்னப் பாத்து ஊரே சிரிக்கும். கம்மியா சிரிக்கற எடத்துக்கு நீ போ."