கரண்ட் போகும் நாளில் இல்யாஸ் பாயின் குடோன்

மேடையில் இருக்கும் வியாபாரிகள் சங்கத் தலைவர் பொங்கியண்ணன் ஐயா அவர்களே, இல்யாஸ் பாயின் மகள் இஸ்மத் கண்ணு, தறிக்காரர்களே, டவுனிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் மாசாணியம்மாள். இந்தக் கருமத்தம்பட்டியில், பாயின் குடோன் வாசலில் காளான் வண்டி போடுகிறவள். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. மைக்கில் பேசியதே இல்லை. தப்பாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை நெஞ்சு வலி வந்து பாய் இறந்துபோனார். தறிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்ற மனிதர். ஆனால் அவர் பெயரைச் சொன்னால் உங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸா ஞாபகம் வருகிறது? அந்தக் குடோன்தானே வருகிறது!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் விசைத்தறிச் சத்தம் ஓயாது. பேசுவதென்றால் கத்த வேண்டும். பாதிப் பேருக்குக் காது மந்தம். மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்குத்தான் ஊர் மூச்சுவிடும். அப்படி ஒருநாள் வெயில் தாங்காமல் தறிக்காரர்கள் சிலர் நிழலுக்காகக் குடோனில் ஒதுங்கினார்கள். அவர்களில் ஒருவரான காளிச்சாமி அண்ணன் காலி எண்ணெய் டின் ஒன்றைத் தட்டினார். யாரோ பாடினார்கள். பின்னாலிருந்த ஒருவர் "ஒண்ணும் கேக்கலீங்க" என்றார்.

"கேக்காதவங்க கிட்ட வாங்க. காசா பணமா?" என்றார் பாய்.

அதுதான் ஆரம்பம். மாதாமாதம் அதுவே வழக்கமாகிப்போனது.

கிட்ட வாங்க என்றாரே, அது சின்ன வார்த்தையா? எங்கள் வீதி ஆட்கள் பண்ணைக்காரர்களின் தோட்டங்காட்டில் கூலிக்குப் போன காலத்திலிருந்து வாசலில் நின்றே பழகியவர்கள். அன்றைக்கும் நான் வாசலில்தான் நின்றேன். "ஏனம்மணி, அங்க நின்னா என்ன கேக்கும்? உள்ள வா" என்றார். போனேன். தறி முதலாளி வீட்டு அம்மாவின் தோள் என் தோளில் இடித்தது. அந்த அம்மா நகரவில்லை! எப்படி நகர்வார்? பாட்டுக் கேட்க வேண்டுமே!

அதைப் பார்க்கத்தான் கோயமுத்தூரிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். இதோ முன்னால் இருக்கிற சைதன்யா அன்றைக்குக் கேட்டது. "இந்தச் சின்ன ஊர் எப்படி பாய் இவ்வளவு கெத்தா இருக்கு? இங்க அப்படி என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல கண்ணு. ஃபேன் இல்ல, லைட் இல்ல, மைக் இல்ல. வேற வழியில்லாம ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டிருக்கோம்" என்றார் பாய். ஏஞ்சாமி, அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பு!

பிறகு செல்போனில் படம் பரவியது. கூட்டம் வந்தது. ஊருக்குப் பேர் வருகிறதே என்று சங்கத்தார் ஜெனரேட்டர் கொண்டுவந்தார்கள். மைக் வந்தது. மேடை வந்தது. நாற்காலி வந்தது. தலைவர் ஐயா கோவிச்சுக்காதீங்க, நல்லதென்றுதான் செய்தீர்கள். நாங்களும்தான் கைதட்டினோம். ஆனால் எல்லாருக்கும் நின்ற இடத்திலேயே கேட்டது. அப்புறம் யார் கிட்ட வருவார்கள்? முதலாளிகள் முன் நாற்காலிக்குப் போனார்கள். நாங்கள் வாசலுக்குப் போனோம். யாரும் விரட்டவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. பாய் கூப்பிட்டார், மைக் சத்தத்தில் அவர் குரல் எடுபடவில்லை.

ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். "பாய்க்கு வயசாயிப்போச்சு" என்று சிரித்தார்கள். டவுன் பிள்ளைகளுக்கும் கொஞ்ச நாளில் அலுத்துவிட்டது. இதைவிட நல்ல மைக் கோயமுத்தூரிலேயே இருக்கிறதே! கடைசியில் பாயும் காளிச்சாமி அண்ணனும் நானும்தான் உட்கார்ந்திருந்தோம். "என்ன அம்மணி, இன்னைக்கு ஹவுஸ்ஃபுல்லாட்ட இருக்குது" என்பார் பாய். சிரிப்பேன். வீட்டுக்குப் போய் அழுவேன்.

பாய் வாடகைக்கு வைத்திருந்த குடோனை இப்போது கட்டிடத்தின் சொந்தக்காரர் காபிக் கடைக்கு விடப்போகிறாராம். சுவரில் பாயின் படம் மாட்டுவார்களாம். வெளியே ஊர்ப் பெயரை லைட் எழுத்தில் வைத்து, பக்கத்தில் நின்று படம் எடுக்க இடம் விடுவார்களாம். எடுங்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஊரை ஊராக வைத்திருந்த மனிதர் மண்ணுக்குள் போய்விட்டாரே! அவரை எந்த எழுத்தில் கொண்டுவருவீர்கள்?

அவர் விட்டதைத் தொடர்ந்து செய்வோம் என்று சொல்லிப் பேச்சை முடிக்கச் சங்கத்தார் சொன்னார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லைங்க. வாய்கூசாமல் எப்படிச் சொல்வேன்? அடுத்த தடவை கரண்ட் போகும்போது, பூட்டிக் கிடக்கும் குடோன் ஷட்டருக்கு முன்னால் என் வண்டியை நிறுத்துவேன். காளிச்சாமி அண்ணன் டின் எடுத்துவருகிறேன் என்றிருக்கிறார். எங்களால் முடிந்தது அவ்வளவுதான். அங்கேயும் எத்தனை நாளைக்கு நிற்க விடுவார்களோ!

ஐயா, ஒரே ஒரு வேண்டுகோள். இன்றைக்கும் கரண்ட் இல்லாத நாள்தான்; இந்த மைக்குக்காக ஓடுகிற அந்த ஜெனரேட்டரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். பாய்க்காகக் கேட்கிறேன்.

நிறுத்தியாச்சுங்களா?

ஏனுங்க, கடைசியில நிக்கறவங்களே, கேக்குதுங்களா? எங்க வீதிக்காரங்களே, உங்களைத்தான். கேக்காதவங்க கிட்ட வாங்க.

வர மாட்டேங்கறீங்களே.

சரி, இருங்க. நானே எறங்கி அங்க வாரேன்.