உள்ளங்கை வைஃபை

இந்த மாதிரி வைஃபை பெட்டி வாங்கப் போனால் கனத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், மகளே. வேலைக்காக ஊர் ஊராக அலைகிறவன் பையில் ஏற்கெனவே ஆயிரம் சாமான் இருக்கும். நான் ஓய்வு பெறும்வரை இந்த நாரின் ஊர்த் தொலைபேசி நிலையத்தில் இருந்தவள். இணைப்புக் கொடுப்பதும் துண்டிப்பதும் எனக்குக் கைவந்த வேலை. அதனால் எதை வாங்கலாம் என்பதைத் தாலாய் என் பொறுப்பிலேயே விட்டுவிட்டான்.

தாலாய் என் கடைசி மகன். சாலைத் துறைக்காகக் கணவாய்களில் பனியின் ஆழத்தை அளப்பது அவன் வேலை. அவ்வளவு உயரத்தில் அவன் போனுக்கு சிக்னல் கிடைக்காது. வேறு கம்பெனி சிம் உள்ளேயே பொருத்திய வைஃபை பெட்டி ஒன்று காரில் இருந்தால், அளந்ததை அங்கிருந்தே அனுப்பலாம். மூத்தவன் மாஸ்கோவில், பெண் துருக்கியில். எங்கள் கிர்கிஸ் வழக்கப்படி வீடும் தாயும் கடைசிப் பிள்ளைக்கு. அவன் எங்கும் போக முடியாது. இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கடைக்காரர் பெரியதாக ஒன்றைக் காட்டினார். கார்க் கூரையில் ஆண்டெனா வைக்கலாமாம். நான் எடுத்தது சோப்புக் கட்டி அளவு. பிள்ளைகளைக் கண்டிக்கிற வீடுகளுக்காகச் செய்தது. வீட்டிலிருந்தே என் போனில் அதன் இணையத்தை நிறுத்தலாம், திறக்கலாம். நிறுத்தினால் பிள்ளையின் போனில் 'அனுமதி கேள்' என்று ஒரு பொத்தான் மட்டும் வரும். அழுத்தினால் என் போனில் மணி அடிக்கும். வேறொன்றும் எழுதவோ பேசவோ முடியாது.

தாலாய் விழுந்து விழுந்து சிரித்தான். "மீசை முளைச்ச குழந்தைக்கா இதெல்லாம்? சரி, பாஸ்வேர்டை நீயே வச்சுக்கம்மா. எனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது."

பனிக்காலம் பாதி போயிருந்தபோது, காலைத் தேநீரின்போது விஷயத்தைச் சொன்னான். ஜெர்மனியில் வேலை. நேர்காணல் அன்றைக்கே, வீடியோவில். அந்த நேரம் அவன் கணவாயில் இருப்பான், பெட்டிதான் இருக்கிறதே என்றான்.

"அப்ப நான்?" என்றேன்.

"தினம் வீடியோல பேசிக்கலாம். ஊர்ல எல்லா அம்மாவும் அப்படித்தானே இருக்காங்க."

எனக்குப் பயமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். அவன் கிண்ணத்தில் தேநீரைக் கொஞ்சமாகத்தான் ஊற்றினேன். நிரம்ப ஊற்றினால் கிளம்பு என்று அர்த்தம். அவன் அதைக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

நேர்காணல் தொடங்கும் நேரத்தில் இணையத்தை நிறுத்தினேன். அது முடியும்வரை மட்டும் என்றுதான் நினைத்தேன். உடனே மணி அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. வேலை கைவிட்டுப் போயிற்று, கோபத்தோடு வீட்டுக்கு வருவான், ஆட்டுக்கறி சமைத்து வைக்கலாம் என்று எழுந்தேன். அப்போது ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியவில்லை. பனிப்புயல் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

மணி மறுபடி அடிக்கத் தொடங்கியது. இந்த முறை விடாமல். திறந்திருக்கலாம், விரல் அசைத்தால் போதும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு அவன் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. செருப்பைக்கூடத் தானே வாங்கிக்கொள்வான். இப்போது கேட்கிறான், திரும்பத் திரும்ப என்னிடமே கேட்கிறான். "இருடா கண்ணு, இரு" என்று ஒவ்வொரு மணிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். போனை மடியில் வைத்திருந்தேன். கறி அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை.

இருட்டுகிற சமயம் அவன் மேலதிகாரி சகின்பெக் வீட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா, கணவாயை மூடியாச்சு. தாலாய்கிட்டேர்ந்து எங்களுக்கு ஒரு தகவலும் இல்ல. உங்ககிட்ட ஏதாவது பேசினானா? இல்லைன்னா இப்பவே பனி வெட்டற வண்டியை மேல அனுப்பிடறேன்."

வண்டி போனால் அவனைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இணையம் ஏன் நின்றது என்று கேட்பார்கள். அவனுக்கும் தெரிந்துவிடும். பிறகு என் வீட்டில் எப்படி இருப்பான்?

"பேசிக்கிட்டுத்தான் இருக்கான். வண்டியெல்லாம் வேண்டாம்" என்றேன். என் மடியில் அப்போதும் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் நல்லது அக்கா என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு மணிகள் இடைவெளி விட்டு வந்தன. அப்புறம் நின்றுபோயின. கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். காரை மூன்றாம் நாள் தோண்டி எடுத்தார்கள். போன் அவன் விரல்களுக்குள் இருந்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன். நிறுத்தியவள் நான். திறக்காதவள் நான். போக இருந்த வண்டியைத் தடுத்தவளும் நான். எல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் திருத்துங்கள், மகளே. சகின்பெக்கிடம் பொய் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பொய் சொல்லவில்லை. அன்று முழுக்க என் பிள்ளை என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தான்.