மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை

இராஜாக்கமங்கலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் படிக்கிற இரண்டு பெண்கள் இருந்தார்கள். சன்னலோரத்துப் பெண்ணின் அம்மா அவர்களுக்கும் முன்னால் மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

“அக்ளி, அவலட்சணமான” என்று ஒருத்தி நோட்டைப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒனக்குப் பாத்த மாப்பிள்ள இதுவாட்டி?” என்றாள்.

“இல்ல. பாக்க லெச்சணமாத்தான் இருக்கான்” என்றாள் சன்னலோரத்தவள்.

“டிஸ்கஸ்டிங், அருவருப்பான.”

“அதும் இல்ல. கிட்ட வந்தா சந்தனம் மணக்கு.”

“ஃப்ரைட்ஃபுல், பயங்கரமான.”

சன்னலோரத்தவள் முன்னால் இருந்த அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தோழியின் பக்கம் சாய்ந்தாள்.

“பொண்ணு பாக்க வந்தன்னிக்கு முத்தத்துல பூனக்குட்டி வால செருப்பால மிதிச்சான். அது கெடந்து கத்துது. கால எடுக்கல்ல. என்னப் பாத்துச் சிரிச்சிட்டே நின்னான்.”

“அம்மைட்ட சொன்னியா?”

“சொன்னேன். பூனதானேன்னா. இனி அவனப் பத்தி வாயத் தொறந்தா அடி விழும். நீ இங்கிலீஷ்லயே கேளு.”

பிறகு அவளே, “ஃப்ரைட்ஃபுல், ஃப்ரைட்ஃபுல்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அது வாசிக்கிற குரலாக இல்லை.

அம்மா திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

“நல்லா சத்தமாப் படி மக்கா. அந்த வீட்டுல எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியுமாம்.”