மிட்டாய்க்கு ஒரு உறை

மட்டமான அச்சைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். ஒரு நிறத்தின்மேல் இன்னொன்று மயிரிழை விலகி விழுந்திருந்தாலும் அந்தத் தாளைக் கையால் தொட மாட்டேன். திருத்தங்கலில் அச்சகம் வைத்திருக்கிறேன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், மிட்டாய்க்கு உறை, இவைதான் தொழில்.

பாண்டிச்செல்வம் கொண்டுவந்த மாதிரி அந்த லட்சணத்தில்தான் இருந்தது. பச்சை இலை, அதற்குக் கீழே மண்டையோடு. கஞ்சா கலந்த மிட்டாய்க்கு உறை என்று அவனே சொன்னான். கடைவாயில் வெற்றிலைச் சாறு வழிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏலே, இதப் பாத்தா போலீஸ்காரன்தான் வாங்குவான். கரடிக்குட்டி போடு, ரோஸ் கலருல. சைஸக் குறைச்சா பென்சில் டப்பாவுக்குள்ள அடங்கும்."

"அண்ணாச்சி, பேசாம நீங்களே இந்த யாவாரத்துக்கு வந்துருங்க."

"சீ, அந்த அசிங்கம் நமக்கு எதுக்கு?" என்றேன்.

வந்த ஆர்டரை வந்தபடியே அடித்துக் கொடுப்பவன் நல்ல அச்சுக்காரன் இல்லை. நாலு திருத்தம் சொல்லித்தான் கொடுப்போம். என்னைப் பிடித்து விசாரித்த போலீஸ் ஆய்வாளர் ஸ்ரீமதியிடமும் இதைத்தான் சொன்னேன். நான் சரக்கை வாங்கவில்லை, விற்கவில்லை, மோந்துகூடப் பார்த்ததில்லை.

"தொடணும்னே அவசியமில்ல," என்றார். "என்ன விக்கிறான்னு தெரிஞ்சு, எப்படி வித்தாப் போகும்னு சேந்து முடிவு பண்ணிருக்கீக. அதுதான் கூட்டுச்சதி. வித்தவனுக்கு என்ன தண்டனையோ, அதேதான் உங்களுக்கும்." சொல்லிவிட்டுத் தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பிள்ளைகள் தின்பது எப்போது தெரிய வந்தது என்று கேட்டார்.

முருகேஸ்வரி என்னிடம் தாள் வெட்டுகிறவள். ஒருநாள் கசங்கிய உறை ஒன்றோடு வந்து நின்றாள். ஆறாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் எழில் விருதுநகரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பெற்றவளையே யாரென்று கேட்டாளாம்.

"மொதலாளி, இது நான் வெட்டுன தாளு மாதிரியே இருக்கே."

"அது வேற கம்பெனி தாளும்மா. நீ போய் பிள்ளையப் பாரு."

அவள் போனதும் பாண்டிச்செல்வத்தைக் கூப்பிட்டேன். நிறுத்தச் சொல்வதற்காகவா என்று கேட்டார் ஆய்வாளர். இல்லை. அடுத்த லோடு பாக்கி இருந்தது. அதையும் முருகேஸ்வரிதான் வெட்டியாக வேண்டும். அதே கரடிக்குட்டியைப் பார்த்தால் பெற்ற வயிறு எரியாதா? அவள் மனசு நோகக் கூடாதே என்றுதான் படத்தை மாற்றி, மயில் போட்டு அடித்தேன்.