கம்பியில் குத்திய சீட்டு

சாரல் விழும் இந்த மாலையிலே, தமிழும் தூறலும் ஒன்றாய் நனைக்கும் தென்காசி மண்ணிலே, எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் அகிலாண்டேஸ்வரி அம்மையார் அவர்களே! வாசல் தூணோடு ஒட்டி நின்ற என்னை மேடைவரை அழைத்து வந்து, திரும்பி ஓடிவிடாதபடி அருகிலேயே அமர்ந்துகொண்ட செயலாளர் நமசிவாயம் ஐயா அவர்களே! ஆய்க்குடியிலிருந்தும் சிவகிரியிலிருந்தும் பேருந்து மாறி வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் ஈரக்குடையைக் காலடியிலும் வைத்துக்கொண்டு காத்திருக்கும் தாய்மார்களே! அண்ணாச்சிமார்களே! அக்காமார்களே! உங்கள் அனைவருக்கும் ரூபியின் பணிவான வணக்கம்.

பின்வரிசையில் ஓர் அண்ணாச்சி, "சத்தமா பேசும்மா, இங்கன கேக்கல" என்கிறார். பேசுகிறேன் அண்ணாச்சி. என் குரல் மெல்லத்தான் கிளம்பும். கிளம்பிவிட்டால் வந்து சேர்ந்துவிடும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அதன் பிறகு மூன்று ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு எதிரே நிலோபர் அக்காவின் ஜெராக்ஸ் கடையில் வேலை. இப்போது குத்துக்கல்வலசையில், கணினிக்கு மூளையாக இருக்கும் செயலியை வடிவமைக்கும் ஒரு சிறிய கூடத்தில் வேலை. சான்றிதழ் கேட்காமல் தேர்வு மட்டும் வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு மாதம் சோதனைக் காலம். அதில் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வந்த வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கே என் கையில் தந்த பகுதி எது? செயலி செய்யும் ஆயிரம் வேலைகளிலே, திரும்பிப் போகும் இடத்தை முன்கூட்டியே ஊகிக்கும் பகுதி!

திரும்பிப் போவதற்கு ஒரு பகுதியா? போன வழியே திரும்ப வேண்டியதுதானே? அதற்கு ஊகம் எதற்கு? இப்படித்தான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். உலையில் அரிசி கொதிக்கிறது. கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைக்குப் போகிறீர்கள். பாதி பறிக்கும்போது கைப்பேசி அடிக்கிறது. பாதி பேசும்போது வாசலில் சிலிண்டர்காரர் கூப்பிடுகிறார். சிலிண்டரை வாங்கி வைத்துவிட்டு எங்கே போவீர்கள்? நேரே உலைக்கா? இல்லை. முதலில் பேச்சுக்கு. பேச்சு முடிந்ததும் கறிவேப்பிலைக்கு. அது முடிந்ததும் உலைக்கு. கடைசியாக விட்டதை முதலில் தொடுவீர்கள். முதலில் விட்டதைக் கடைசியில் தொடுவீர்கள். யார் சொல்லித் தந்தார்கள் இந்தக் கணக்கை? யாரும் இல்லை! நாள் முழுக்கச் செய்துகொண்டே இருக்கிறீர்கள்!

செயலியும் அப்படித்தான். ஒரு வேலையின் நடுவே இன்னொரு வேலைக்குத் தாவும். அப்படித் தாவிச் செய்யும் துணை வேலைக்கு எங்கள் தொழிலில் ஃபங்ஷன் என்று பெயர். அங்கே ஒரு தாத்தா சிரிக்கிறார். இதில் பந்தி கிடையாது தாத்தா. ஒரே ஃபங்ஷனை நூறு இடங்களிலிருந்து கூப்பிடுவார்கள். அதனால் திரும்பும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும். போன முறை எங்கே திரும்பினோமோ அங்கேயே இந்த முறையும் திரும்பினால், உலைக்குப் போக வேண்டியவள் கொல்லையில் போய் நிற்பாள்.

திரும்பும் இடம் நினைவகத்தில் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் அதை எடுத்துப் பார்க்க நேரம் ஆகும். செயலிக்குப் பொறுமை கிடையாது. அடுத்த கட்டளை எது என்று உறுதியாகும் முன்பே அதை எடுத்துச் செய்யத் தொடங்கிவிடும். ஊகம் சரியானால் நேரம் மிச்சம். தப்பானால் செய்ததையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கும். விடை ஒருநாளும் தப்பாது, காலம்தான் கரையும்.

அப்படியானால் திரும்பும் இடத்தை எப்படி ஊகிப்பது?

இங்கேதான் எனக்கு நிலோபர் அக்காவின் கடை கண்முன்னே வந்து நின்றது. வக்கீல் கட்டு நூற்றிருபது பக்கம் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நாற்பதாம் பக்கத்தில் ஒருவர் ஓடி வருவார். "ஏட்டி, ஒரே ஒரு ஆதார் காப்பி, பஸ்ஸு நிக்குது!" என்பார். கட்டை நிறுத்த வேண்டும். நிறுத்தினால், எங்கே நிறுத்தினோம் என்று தெரிய வேண்டும். அதற்கு அக்கா ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். சிறு சீட்டில் "வக்கீல் கட்டு, அடுத்தது 41" என்று எழுதுவோம். பில் குத்தி வைக்கும் கம்பி இருக்கிறதே, அதில் குத்துவோம். ஆதார் வேலைக்கு நடுவே அதைவிட அவசரமாய் ஒருவர் வந்தால் அதற்கு மேல் இன்னொரு சீட்டு. ஒரு வேலை முடிந்தால் மேலே இருக்கும் சீட்டை உருவுவோம். அதில் எழுதியிருக்கும் இடத்துக்குப் போவோம். யோசனை இல்லை, தேடல் இல்லை, தடுமாற்றம் இல்லை!

செயலிக்குள்ளும் அதே கம்பிதான் இருக்கிறது! எங்கள் கம்பியில் எட்டுச் சீட்டுக்கு இடம். ஃபங்ஷனுக்குத் தாவும்போது ஒரு சீட்டு குத்தும். திரும்பும்போது ஒரு சீட்டு உருவும். முதல் நாள் எங்கள் தலைவர் கௌரிசங்கர் அண்ணன் பலகையில் படம் போட்டு விளக்கியபோது, மூன்று ஆண்டுகள் நான் நின்றுகொண்டே செய்த வேலையை யாரோ சிலிக்கனில் செதுக்கி வைத்ததுபோல இருந்தது எனக்கு.

ஆனால் அந்தக் கம்பி எங்களைக் கைவிட்டது.

சென்ற மாதம் பெங்களூரிலிருந்து ஒரு நிறுவனத்தார் எங்கள் செயலியைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் வரும் வெள்ளிக்கிழமைதான் என் சோதனைக் காலத்தின் கடைசி நாள். திங்கட்கிழமை அதன் வடிவமைப்பைக் கணினியில் மாதிரியாக ஓட்டிப் பார்த்தோம். நூறு முறை திரும்பினால் எழுபத்தெட்டு முறைதான் ஊகம் சரி. நூற்றுக்குக் குறைந்தது தொண்ணூற்றெட்டு வர வேண்டிய இடத்தில் எழுபத்தெட்டு!

புதன்கிழமை கூட்டம் போட்டார்கள். கௌரிசங்கர் அண்ணன் சொன்னார்: "கம்பி நீளம் பத்தல. சீட்டு நெறஞ்சு, அடியில உள்ளது அழிஞ்சுபோகுது. பதினாறு ஆக்குவோம்."

"பதினாறுக்கு எடம் இல்லண்ணே" என்றான் ஜோயல். எங்கள் ஆறு பேரில் அவன்தான் வாயாடி. "வேற எதையாச்சும் வெட்டணும்."

"அப்போ வெள்ளிக்குள்ள சரியாகலைன்னா இந்தப் பகுதியவே எடுத்திருவோம். மெதுவா ஓடுனாலும் ஓடட்டும்" என்றார் அண்ணன்.

ஜோயல் என் பக்கம் திரும்பினான். "ஏட்டி ரூபி, ஒன் கம்பி வளைஞ்சு போச்சு போல!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால், சபையோரே, என் பகுதியை எடுத்துவிட்டால் அதைப் பார்த்துக்கொள்ள நான் எதற்கு? நான் எதற்கு என்று ஒரு கேள்வி வந்துவிட்டால், நிரந்தரம் எங்கே? நித்தம் போகும் பேருந்து எங்கே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணன் சொன்ன காரணம் தப்பு என்று அந்தக் கூட்டத்திலேயே எனக்குத் தெரியும். முந்தைய இரண்டு நாளும் செயலி ஓடிய பதிவை அச்செடுத்து, வரிவரியாகப் பார்த்திருந்தேன். ஜெராக்ஸ் கடைக்காரிக்கு வேறு எது வராவிட்டாலும் பக்கம் விட்டுப்போனால் கண்ணில் படும். அந்தக் கம்பியில் ஐந்து சீட்டுக்கு மேல் ஏறவே இல்லை. எட்டே நிறையாதபோது பதினாறு எதற்கு?

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? பட்டம் படித்தவர்கள் ஐந்து பேர் சுற்றி இருக்கும்போது ஒன்பதாம் வகுப்புக்காரி எப்படி வாய் திறப்பது? நீளம் காரணம் இல்லை என்று சொன்னால், பின்னே எது காரணம் என்று கேட்பார்களே! அதற்கு அப்போது என்னிடம் விடை இல்லை. சீட்டின் எண்ணிக்கை எப்போதும் சரியாக இருந்தது. மேல் சீட்டில் எழுதியிருந்தது மட்டும் சில வேளை தப்பாக இருந்தது. எண்ணிக்கை சரி, எழுத்து தப்பு. எப்படி?

அன்று பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து இதையே உருட்டிக்கொண்டு வந்தேன். நீதிமன்ற நிறுத்தத்தில் கடையைப் பார்த்ததும் ஒரு பழைய ஏச்சு காதில் விழுந்தது. "எம்மா, நாப்பதுக்கு அப்புறம் நாப்பத்தி மூணா? ரெண்டு பக்கத்த நீ தின்னுட்டியா?" பாண்டியராஜ் வக்கீல் போட்ட சத்தம் அது!

அன்றைக்கு நடந்தது இதுதான். வக்கீல் கட்டு நாற்பதில் நின்றது. "அடுத்தது 41" என்று சீட்டைக் குத்திவிட்டு இத்ரீஸ் அண்ணாச்சிக்கு ஆதார் அட்டையைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பிரதி வந்ததும் அவரைக் காணோம். வேலை முடிந்து போய்விட்டார் என்று நானே ஊகித்தேன். சீட்டை உருவிக் கசக்கிக் கூடையில் போட்டேன். 41, 42 எடுத்தேன். அதற்குள் ஒரு மாணவி அவசரமாக வந்தாள். "அடுத்தது 43" என்று புதுச் சீட்டைக் குத்தினேன். அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருந்த இத்ரீஸ் அண்ணாச்சி வருகிறார். "ஏட்டி, மூணு காப்பி கேட்டா ஒண்ணத் தந்துட்டு சும்மா நிக்க!" கூட்டத்தைப் பார்த்து மாணவி, "அப்புறம் வாரேங்கா" என்று போய்விட்டாள். பார்த்தால், இயந்திரம் இன்னும் பெரிதாக்கும் அமைப்பிலேயே இருக்கிறது! 41, 42 இரண்டிலும் பாதி எழுத்து வெட்டுப்பட்டுக் கிடந்தது. அவற்றையும் கூடையில் போட்டேன். அண்ணாச்சியை அனுப்பினேன். கம்பியைப் பார்த்தேன். ஒரு சீட்டு இருந்தது. ஆதார் வேலைக்குப் போகும்போதும் ஒரு சீட்டுதான். எண்ணிக்கை சரி! ஆனால் அதில் இருந்தது 43. யோசிக்காமல் அதிலிருந்தே ஓட்டினேன், இரண்டு பக்கம் போயே போய்விட்டது.

அன்று முதல் நிலோபர் அக்கா ஒரு சட்டம் போட்டார்கள். உருவிய சீட்டைக் கசக்கக் கூடாது. ஆள் படியிறங்கும்வரை இடது கையிலேயே இருக்க வேண்டும். ஊகம் தப்பினால் அதே சீட்டை மறுபடி குத்தலாம்.

செயலியும், 'இப்படியானால் இது, இல்லையானால் அது' என்று வழி பிரியும் இடத்தில் ஊகித்துப் போகிறது. தப்பு வழியிலே ஒரு சீட்டை உருவி, வேறொன்றைக் குத்திவிடுகிறது. தப்பு என்று தெரிந்து திரும்பும்போது, எத்தனை சீட்டு இருந்தது என்பதை மட்டும் நாங்கள் சரிசெய்தோம். மேலே என்ன எழுதியிருந்தது என்பதை எங்களில் யார் கையில் வைத்திருந்தார்கள்? யாருமே இல்லை!

நடத்துநரிடம் சொல்லி அங்கேயே இறங்கினேன். "அக்கா, ஒங்க கம்பியக் கொஞ்சம் தாருங்க."

"எதுக்குட்டி? யாரக் குத்தப் போற?"

"நாளைக்கு ஆபீஸ்ல பேசப் போறேன்க்கா."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "நீயா? பேசப் போறியா? அப்போ ரெண்டு கம்பியா கொண்டு போ."

வியாழன் காலை அந்தக் கம்பியைக் கூட்டத்தின் நடுவில் வைத்தேன். முதல் இரண்டு வாக்கியம் தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். ஜோயலை இத்ரீஸ் அண்ணாச்சி ஆக்கினேன். அவன் டீ குடிக்கப் போவதை அத்தனை நன்றாக நடித்தான். சீட்டை உருவினேன், கசக்கினேன், புதியதைக் குத்தினேன். "இப்போ எத்தனை சீட்டுண்ணே?" என்று கேட்டேன்.

"ஒண்ணு" என்றார் கௌரிசங்கர் அண்ணன்.

"சரியான சீட்டா?"

அவர் நாற்காலியைத் திருப்பிக் கணினியைத் திறந்தார். "எண்ணிக்கைய மட்டும்லா சேமிச்சிருக்கோம்!" என்று தலையில் கை வைத்தார். மேல் சீட்டின் நகல் ஒன்றையும் சேர்த்துச் சேமிக்கும்படி மாற்றினோம். கூடுதலாய்ப் பிடித்த இடம் மிகச் சிறிது. பிற்பகல் ஓட்டினோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது!

பெரியோர்களே! ஊகிப்பது பிழையா? இல்லை! ஊகிக்காதவன் ஊர்ந்துகொண்டே இருப்பான். முன்னே ஓடத் துணிவு வேண்டும். ஆனால், "நான் தப்பாகவும் இருக்கலாம்" என்று பழைய சீட்டைக் கையில் வைத்திருக்கும் பணிவும் வேண்டும். துணிவு மட்டும் இருந்தால் பக்கம் தொலையும். பணிவு மட்டும் இருந்தால் பேருந்து போய்விடும். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் வேகம் பிறக்கிறது! மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அதைப் பணிவு என்றுதான் நினைத்தேன். அது பணிவு இல்லை, சபையோரே. அது பயம்.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் செயலியை ஓட்டிப் பார்த்தார்கள். "ரிட்டர்ன் பகுதியை யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார்கள். கௌரிசங்கர் அண்ணன் என்னைக் கையால் காட்டினார். அவர்கள் பதினொரு கேள்வி கேட்டார்கள். ஒன்பதுக்குப் பதில் சொன்னேன். இரண்டுக்கு, "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். திங்களன்று அந்த இரண்டுக்கும் எழுதி அனுப்பினேன். இப்போது என் வேலை நிரந்தரம். அந்தப் பகுதியின் வடிவமைப்புக் கோப்பில் முதல் வரியில், "சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டியவர்: ரூபி" என்று இருக்கிறது. கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன்.

பேசத் தெரியாதவளுக்கு ஒலிபெருக்கி தந்த தலைவர் அம்மையாருக்கும், ஓடிவிடாமல் காத்த நமசிவாயம் ஐயாவுக்கும், தூறலிலும் எழுந்து போகாமல் அமர்ந்திருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. பார்த்து நனையாமல் வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!